முதல் ஓட்டம் கணக்கில் இல்லை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். வைத்தவள் நான்தான். கேலிக்கு வைத்தேன். அவளோ அதை ஏதோ பதவி உயர்வு மாதிரி வாங்கிக்கொண்டாள். பத்து வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் கம்பெனி கடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. எழுதுகிறவர்கள் மேல்மாடி. அவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கிற நாங்கள் கீழே. எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசி தள்ளுகிற வெக்கை அத்தனையும் உள்ளே வரும் என்பதால் திறப்பதில்லை. என் வேலை குறை கண்டுபிடிப்பது. பிறந்ததிலிருந்து இதைத்தானே செய்கிறாய் என்பான் என் அண்ணன். அவள் வேலை நேரம் எடுப்பது. ஒரு புரோகிராம் ஓடி முடிக்க எத்தனை விநாடி ஆகிறது, போன மாதத்தைவிட வேகமா மெதுவா என்று பார்த்துச் சொல்வது.

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுச் சொன்னா அது வதந்தி. நூறு தடவை ஓட்டினாதான் சேதி" என்பாள்.

நூறு தடவை கையால் ஓட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதற்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட். கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் போதும், அதுபாட்டுக்குச் செய்யும். அவளுடையது பதினேழே வரி. புரோகிராமை ஓட்டு, ஆன நேரத்தைக் குறித்துக்கொள், மறுபடி ஓட்டு. நூறு ஆனதும் நேரங்களை வரிசைப்படுத்து, நட்டநடுவில் நிற்பதை எடுத்துச் சொல். அவ்வளவுதான். நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டு வருவதற்குள் திரையில் ஒரே ஒரு எண் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பதினேழில் ஆறாவது வரி என் புண்ணியம். எந்தப் புரோகிராமும் முதல் தடவை மெதுவாகத்தான் ஓடும். குடிபோன புது வீட்டில் முதல் நாள் லைட் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுவோமே, அந்த மாதிரி ஒவ்வொரு ஃபைலாகத் தேடி எடுத்து வரும். இரண்டாவது தடவையிலிருந்து எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முதல் நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் மேல்மாடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "தூக்கிக் கடாசுடி அதை" என்றேன். அவள் அரை நாள் யோசித்தாள். பிறகு எழுதினாள். எழுதியதற்கு மேலே ஒரு குறிப்பும் போட்டாள்: முதல் ஓட்டம் கணக்கில் இல்லை. இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் அந்த ஃபைலை யாரும் வரி வரியாகப் படிக்கவில்லை. ஒழுங்காக ஓடுகிற ஸ்கிரிப்டைத் திறந்து படிக்கிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

அவள் மகளுக்கு ஏழு வயது. குட்டி என்றுதான் கூப்பிடுவோம். போன வருடம் குட்டிக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. காலையில் கண் விழித்ததும் பெரிதாக ஒன்று, அப்புறம் பகலில் சின்னச் சின்னதாக மூன்று நான்கு. டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருது, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் இருக்குன்னு எழுதிட்டு வாங்க. அதை வச்சுத்தான் நான் மாத்திரையைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு பார்ப்பேன். அஞ்சு நிமிஷம் தாண்டினா மட்டும் காத்திருக்காதீங்க. இந்த மருந்தை மூக்குல அடிச்சுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

நேரம் எடுப்பதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒரு கையில் போனில் ஸ்டாப்வாட்ச், மறு கை குழந்தையின் தலைக்குக் கீழே. முடிந்ததும் நோட்டில் ஒரு வரி. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடிவதற்கு முன் கிளம்பி இரண்டு மணிக்குத் திரும்புகிறவர். காலை அவளுடையது, மதியம் அவருடையது. நடுவில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வார். அவரும் துணி வெட்டும் காகிதத்தைக் கிழித்து அதில் நேரம் எழுதி வைப்பார்.

முதல் மாதம் அவள் அலுவலகத்துக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவாள். எனக்குத் தெரியும், முகம் கழுவிக்கொண்டு வருகிறவளின் காதோரம் ஈரமாக இருக்கும். இரண்டாவது மாதம் அது நின்றது. தேறிவிட்டாள் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் கிடையாது. டீ ஆறி ஏடு கட்டின பிறகும் ஒரே மடக்கில் குடிப்பாள். ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக. ஒருநாள் கேட்டே விட்டேன், உனக்கு என்னடி ஆச்சு என்று.

"பல்லு பிடுங்க ஊசி போட்டா உதடு இருக்கா இல்லையான்னு தெரியாதுல்ல. அப்படி இருக்கு. எல்லாமே."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வேலையைப் பார்த்தாள்.

நோட்டை அப்படியே டாக்டரம்மாவிடம் நீட்டினால் அவர் புரட்டி முடிப்பதற்குள் அடுத்த நோயாளி கதவைத் தட்டுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நோட்டில் இருப்பதை ஒரு நாளுக்கு ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அப்புறம் அதே பதினேழு வரி ஸ்கிரிப்டைப் பிரதி எடுத்து, புரோகிராமை ஓட்டுகிற வரிகளை மட்டும் நீக்கிவிட்டு, மீதியைத் தொடாமல் குட்டியின் ஃபைல்களைக் கொடுத்தாள். ஒரே தாளில் அழகாக வந்துவிட்டது. தேதி, எத்தனை தடவை, நடுவில் உள்ள நேரம், அதிகபட்சம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்படி எழுதிக் கொண்டுவருகிற அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்றாராம். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். பகலில் வருவது குறைந்தது, பிறகு நின்றே விட்டது. காலையில் வருவது மட்டும் நிற்கவில்லை. அடுத்து டாக்டரைப் பார்க்கிற நாள் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்த வாரத்தில் வந்து தொலைந்தது. அவள் தாளை அச்சடித்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினாள். மதியம் அவர் போன் செய்தார்.

"நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்க. பழைய மாத்திரையைப் பாதியாக் குறைச்சாச்சு. பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பலாமாம்."

"காலையைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"தனியா ஒண்ணும் சொல்லலை. தாளைப் பார்த்துட்டுத்தான் எல்லாம் சொன்னாங்க."

"சரி" என்றாள். போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்தாள். காலை வலிப்பு நின்றுவிட்டது போலிருக்கிறது என்று வீட்டுக்காரர் நினைத்தார். அந்த வீட்டில் இருவரும் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறவர்கள் மாதிரிதான் வாழ்ந்தார்கள். அவர் வந்ததும், காலையில எப்படி என்று கேட்பார். நோட்டுல இருக்கு என்பாள் இவள். நோட்டை அவர் திறந்ததில்லை. திறக்க பயம் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் அவள் காலையில் வந்து பையை மேசையில் வைக்கும்போது ஒரு எண் சொல்வாள், அன்றைய வலிப்பு எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்று. வணக்கம் சொல்கிற மாதிரி.

"மூணு நாப்பது."

"ம்" என்பேன்.

"நாலு பத்து."

"ம்."

"நாலு முப்பத்தொண்ணு."

குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவள் நான். எதிரே ஒரு எண் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உறைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, "நாலு அம்பத்திரெண்டு" என்றாள். ஐந்து நிமிடத்துக்கு எட்டு விநாடி மிச்சம். இருவரும் அதைப் பேசவில்லை, ஏனென்றால் பத்து மணிக்கு மேனேஜர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர் போனில் எள்ளும் கொள்ளுமாக வெடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க ரிப்போர்ட்ல மூணு விநாடின்னு போட்டிருக்கு. என் கடையில நாப்பது விநாடி ஆகுது. கவுண்டர்ல ஆள் நிக்கிறான், நான் திரையைப் பார்த்துட்டு நிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் எண்ணையா சந்தேகப்படுகிறார்?

"எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தீங்க சார்?" என்றேன், குரலில் தேன் தடவி.

"எத்தனை தடவையா? காலையில கடை திறக்கும்போது ஒரு தடவைதாம்மா. அப்புறம் அதை எதுக்கு ஓட்டணும்? நீங்க கடையே நடத்தினதில்லை போல."

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார், நான் கேட்கவில்லை. நாற்காலிக்குத் திரும்பி அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஸ்கிரிப்டைத் திறந்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக, படிப்பதற்காக. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது.

"அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம்தான். அதுவும் முதல் ஓட்டம். அதை நாம தூக்கிப் போட்டுட்டோம்."

"சரி விடு. அடுத்த ரிப்போர்ட்ல சேர்த்துக்கலாம். அதுக்காக அந்த ஆளு..."

அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. கை மட்டும் கீழே போய்ப் பையைத் துழாவியது. நோட்டை எடுத்தாள். டாக்டருக்கு அனுப்பிய தாளின் இன்னொரு பிரதி அதற்குள் மடித்து இருந்தது. அதைப் பிரித்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி இருந்தது. காலை 6.20, மூன்று நிமிடம் ஐந்து விநாடி. காலை 6.15, மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. பகலில் வருவது நின்றபின் ஒரு நாளுக்கு ஒன்றுதான். தாளில் அதே தேதிகளுக்கு நேரே வெறும் கோடு. ஆறாவது வரி ஒவ்வொரு நாளின் முதல் வலிப்பையும் தூக்கிப் போட்ட பிறகு அந்த நாட்களில் எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஒரு கோடு, அதற்குக் கீழே ஒரு கோடு. பத்தொன்பது கோடுகள்.

நான் விரல் வைத்து மறுபடி எண்ணினேன். பத்தொன்பதேதான்.

"டாக்டரம்மா இதைத்தான் பார்த்திருக்காங்க" என்றாள். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. "பத்தொன்பது நாள் ஒண்ணுமே வரலைன்னு நினைச்சுட்டாங்க. அதான் குறைச்சிருக்காங்க."

அவள் கத்தவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கத்தினேன். மருத்துவமனையில் போனை எடுத்தவன் அடுத்த வாரம்தான் நேரம் இருக்கிறது என்றான். நான் அவனிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் ஒரு நர்ஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுத் தந்தார். போனை இவளிடம் கொடுத்தேன். நோட்டைப் பார்க்காமலே ஒப்பித்தாள். முப்பது நாள் காலை நேரங்கள், தேதி வரிசையில், அச்சுப் பிசகாமல். எல்லாம் அவளுக்குள் இருந்திருக்கிறது.

"இன்னைக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நாலு அம்பத்திரெண்டு."

"பழைய அளவை இப்பவே கொடுங்க. கொடுத்துட்டு நேரா இங்க கூட்டிட்டு வாங்க."

என் ஸ்கூட்டரில் அவள் வீட்டுக்குப் போனோம். குட்டி தையல் மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டியே" என்றாள். இவள் மாத்திரை அட்டையைப் பிரித்து, பாதியை உடைத்து, தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு டிப்போவிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்தார். டாக்டரம்மா முன்னால்தான் அவர் முதன்முதலாக நோட்டைத் திறந்தார்.

"காலையில வந்துட்டேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லலையே நீ."

"நீங்க கேட்டீங்க. நோட்டுல இருக்குன்னு சொன்னேன்."

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. கோடு என்றால் ஒன்றும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன், நானும் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும் என்றார். "அந்த வரியைப் போடச் சொன்னது நான்தான்" என்று நான் சொன்னேன். ஒருத்தராவது இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாத்திரை உடனே வேலை செய்யாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலை வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டியது. அவள் மூக்கில் மருந்தை அடித்தாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், அது வந்து சேர எடுத்த நேரத்தையும் குறித்தாள். பதினொரு நிமிடம். சாயங்காலம் குட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் இவளும் அலுவலகம் வந்துவிட்டாள். "அஞ்சு இருபது" என்று சொல்லிப் பையை வைத்தாள்.

வீட்டு ஸ்கிரிப்டில் ஆறாவது வரியை அழித்தாள். நடுவில் உள்ள நேரத்தை எடுக்கிற வரியையும் அழித்தாள். இப்போது தாளில் எல்லாம் வருகிறது, வந்தது வந்தபடி. அலுவலக ரிப்போர்ட்டில் முதல் ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்தோம். மேல்மாடிக்காரர்கள் குதித்தார்கள். நான் மாடியேறிப் போய்ப் பேசிவிட்டு வந்தேன், இப்போது குதிப்பதில்லை.

அப்புறம் எண்கள் இறங்க ஆரம்பித்தன. மூன்று இருபது. இரண்டு ஐம்பது. ஒன்று பதினைந்து. நாற்பது விநாடி. ஒவ்வொன்றையும் அவள் ஏறின எண்களைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள்.

போன வியாழக்கிழமை வந்து பையை வைத்தாள். எண் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலேயே எழுதிவிட்டு வருகிறவள்.

"ஒண்ணுமே வரலைன்னா என்ன எழுதுறது?" என்றாள்.

கோடு போடேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவளே யோசித்து எழுதினாள். காலை 6.05 முதல் 8.10 வரை பக்கத்திலேயே இருந்தேன். வரவில்லை. எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

"சந்தோஷப்படணும் இல்ல?"

"படணும்டி."

"சந்தோஷமான விஷயம்னு தெரியுது. ஆனா உள்ளே ஒண்ணும் ஆகலை."

டீ எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம்.

"அவ கண்ணைத் திறந்ததும் அமுக்கிட்டேன், வந்துடும்னு நினைச்சு. வரவே இல்லை. எங்க நிறுத்துறதுன்னு தெரியலை" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"நிறுத்துடி."

கட்டை விரல் திரைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அமுக்கினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நோட்டின் மேல் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தாள். கழிவறைக்குப் போகவில்லை, அங்கேயே, சத்தமாக. மேல்மாடியிலிருந்து ஒருவன் ரிப்போர்ட் கேட்டு வந்து வாசலில் நின்றான். இன்றைக்குக் கிடையாது, நாளைக்கு வா என்று சொல்லி நான் கதவைச் சாத்தினேன்.